ரயில் வந்த பிறகும் சிகாகோவில் கப்பல் ஏன் பெருகியது?

#1 வாடைக்காற்று

மிச்சிகன் ஏரிக்கரைச் சிகாகோ பற்றி ஒரு சந்தேகம். பொதுவாகச் சொல்லப்படும் கதை இது: 1825-ல் ஈரி கால்வாய் திறந்து, நியூயார்க்கும் பேரேரிகளும் நீர்வழியில் இணைந்தன. 1848-ல் ஏரியை இல்லினாய் ஆறு வழியாக மிசிசிப்பியோடு இணைக்கும் இல்லினாய்–மிச்சிகன் கால்வாய் வந்தது. அதே ஆண்டு ரயிலும் வந்தது. ரயில் வந்ததும் கப்பல் ஒழிந்தது.

கடைசி வரிதான் இடிக்கிறது. 1871-ல் சிகாகோவுக்கு வந்த கப்பல்களின் எண்ணிக்கை, நியூயார்க், பிலடெல்பியா, பால்டிமோர், சார்ல்ஸ்டன், மொபீல், சான் பிரான்சிஸ்கோ ஆறுக்கும் சேர்த்து வந்ததைவிட அதிகம். ரயில் ஓடத் தொடங்கி 23 ஆண்டு கழித்து! மக்கள்தொகை 1840-ல் 4,470, 1850-ல் 29,963, 1870-ல் 298,977. ரயில்தான் ஊரை வளர்த்தது என்றால் இத்தனை கப்பலுக்கு அங்கே என்ன வேலை?

#2 கரிவண்டி

ரயில் கப்பலுக்குத் தீனி போட்டது. அவ்வளவுதான் விஷயம்.

தொடக்கத்தையே பாருங்கள். சிகாகோவின் முதல் ரயில்பாதை கலீனா–சிகாகோ யூனியன். அதன் முதல் இன்ஜின் ‘பயனியர்’, 1848 அக்டோபரில் பாய்மரக் கப்பலில்தான் ஊருக்கு வந்து இறங்கியது. வேறு வழியும் இல்லை. கிழக்கிலிருந்து ரயில் இணைப்பு 1852-ல்தான் வந்தது (மிச்சிகன் சதர்ன், மிச்சிகன் சென்ட்ரல், இரண்டும் அந்த ஆண்டே). பாதை போட்டதும் முழு இரும்புத் தண்டவாளத்தில் அல்ல. நீள மரக்கட்டைகளின் மேல் தட்டை இரும்புப் பட்டையை ஆணி அடித்துப் பொருத்திய மலிவுப் பாதை, அதுவும் கிழக்கே கழற்றிய பழைய இரும்பு. இதில் ஒரு ஆபத்து: சக்கரம் ஏறி ஏறி ஆணி தளரும், பட்டையின் முனை மேல்நோக்கிச் சுருளும், ஓடும் பெட்டியின் தரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே வரும். ‘பாம்புத் தலை’ என்று பேர் வைத்திருந்தார்கள்.

இந்த ஓட்டைப் பாதை 1850-ல் 42 மைல் தள்ளி எல்ஜின் வரைதான் போனது. ஆனாலும் கம்பெனிக்கு லாபம். ஏனென்றால் அது போன திசை மேற்கு, கோதுமை விளையும் பக்கம். இறக்கிய கோதுமையைக் கிழக்கே கொண்டுபோக ஏரி இருந்தது. மேற்கே ஒவ்வொரு பாதை நீளும்போதும் சிகாகோ ஆற்றில் இன்னும் சில பாய்மரங்கள் கூடின.

#3 குதிர்

கரிவண்டி சொன்னதோடு நடுவில் இருந்த இயந்திரத்தையும் சேர்க்க வேண்டும். ரயிலுக்கும் கப்பலுக்கும் இடையில் சரக்கு மாறுவது மலிவாக இல்லாவிட்டால் இந்தக் கூட்டணி நடந்திருக்காது. அதைச் சாத்தியமாக்கியது தானிய எலிவேட்டர். நம்மூரில் நெல் கொட்டிவைக்கும் குதிர் ஒன்றை நாலைந்து மாடி உயரத்துக்கு நிமிர்த்தி, ஐம்பது அறுபதை ஒரே கூரையின் கீழ் நெருக்கி நிறுத்தினால் எப்படி இருக்கும், அப்படி.

முதலில் கணக்கு. ஒரு புஷல் கோதுமை 60 பவுண்டு, 27 கிலோவுக்குச் சற்று மேல். அக்கால ரயில்பெட்டி ஒன்று 10 அமெரிக்க டன் (20,000 பவுண்டு), அதாவது 330 புஷல் சொச்சம். ஏரிப் பாய்மரக் கப்பல் ஒன்று சுமார் 20,000 புஷல் ஏற்றும். ஆக ஒரு கப்பல் நிரம்ப 60 பெட்டி வேண்டும். இதையே சாக்கில் கட்டினால், மூட்டைக்கு 2 புஷல் வைத்தாலும் 10,000 மூட்டை. ஒவ்வொன்றும் 54 கிலோ. முதுகில் சுமந்து ஏற்றினால் எத்தனை ஆள், எத்தனை நாள் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

எலிவேட்டரில் நடப்பது இதுதான். தண்டவாளம் கட்டடத்துக்குள்ளேயே போகும். பெட்டியின் கதவைத் திறந்ததும் பாதி தானியம் தானே கொட்டும். மீதியை அகலப் பலகைக் கரண்டிகளால் இழுத்துத் தண்டவாளத்துக்கு அடியில் உள்ள பள்ளத்தில் தள்ளுவார்கள். அங்கிருந்து நீராவி இன்ஜின் சுற்றும் முடிவில்லாப் பட்டை. அதில் வரிசையாகத் தகர வாளிகள். கிணற்றுக் கமலையைச் சங்கிலியாகக் கோத்தது போல வாளிகள் உச்சிக்குப் போய்க் கவிழும். உச்சியில் எடைத் தொட்டி. நிறுத்ததும் சுழலும் குழாயைத் தேவையான குதிரின் வாய்க்குத் திருப்பித் திறந்துவிடுவார்கள். இதற்குப் பிறகு இயந்திர வேலையே இல்லை: குதிரின் அடிக்கதவைத் திறந்தால் தானியம் தன் எடையிலேயே சரிவுக் குழாய் வழியாகக் கப்பலின் வாய்க்குள் இறங்கும்.

இந்த யந்திரத்தை முதலில் கட்டியது, ஈரி ஏரியில் கால்வாய் தொடங்கும் பஃபலோவில், 1842-ல் ஜோசப் டார்ட். சிகாகோவுக்கு நீராவி எலிவேட்டர் 1848-ல் வந்தது. 1857-க்குள் ஒரு டஜன் எலிவேட்டர்கள், மொத்தக் கொள்ளளவு 40 லட்சம் புஷலுக்கு மேல்.

கெட்டுப்போகும் வழிகளும் உண்டு. ஈரம் மிஞ்சிய தானியம் குதிருக்குள் தானே சூடேறும். நடுவில் கை வைத்தால் சுடும், பிறகு முளைவாசனை, பிறகு கறுப்பு. வைத்தியம் ஒன்றுதான்: அடியில் திறந்து, வாளியில் ஏற்றி, வேறு குதிருக்கு மாற்றிக் காற்றுப்பட விடுவது. இன்னொன்று தூசி. காற்றில் மிதக்கும் மாவுத்தூசிக்கு ஒரு பொறி போதும், கட்டடமே போய்விடும். சுவர்கள் பலகையைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஆணி அடித்தவை. பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்கும், ஆனால் தீக்கு விறகு.

#4 ஏட்டுக்கணக்கு

எலிவேட்டர் வந்ததால் சட்டச் சிக்கல் ஒன்றும் வந்தது. சாக்கில் இருக்கும்வரை என் கோதுமை என் கோதுமை. குதிரில் கொட்டியதும் நூறு பேருடையது கலந்துவிடும். அதனால் தரம் பிரிக்க வேண்டியதாயிற்று. 1848-ல் தொடங்கிய வியாபாரிகள் சங்கமான சிகாகோ போர்டு ஆஃப் டிரேட், 1856-ல் கோதுமையை வெள்ளை குளிர்காலம், சிவப்பு குளிர்காலம், வசந்தகாலம் என மூன்றாக வகுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஒவ்வொன்றுக்கும் முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று உட்பிரிவு. விவசாயிக்குக் கிடைப்பது ரசீது மட்டும்: ‘இன்ன தரத்தில் இத்தனை புஷல்’. அந்த ரசீது பணம் போலக் கைமாறியது. இன்னும் வராத கோதுமையை இன்றைய விலைக்கு விற்கும் ஒப்பந்தமும் அங்கிருந்துதான் வளர்ந்தது. 1865-ல் அதற்கு முறையான விதிகள் வந்தன.

தில்லுமுல்லும் அதே வேகத்தில் வளர்ந்தது. இரண்டாம் தரத்தின் கீழ்வரம்பை ஒட்டி வருமாறு நல்லதில் மட்டத்தைக் கலப்பது தினசரி நடப்பு. 1872-ல் எலிவேட்டர் நடத்திய முன் (Munn) & ஸ்காட் நிறுவனத்தின் குதிர்களுக்கு உள்ளே பலகையால் கள்ளத் தளம் போட்டு, அதன்மேல் மெல்லப் பரப்பி, நிறைந்திருப்பதாகக் காட்டியது அம்பலமானது. எலிவேட்டர் கட்டணத்துக்கு மாநில அரசு உச்சவரம்பு வைக்கலாமா என்ற வழக்கும் இந்த ‘முன்’ என்பவரின் பெயரில்தான் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1877-ல் ‘வைக்கலாம்’ என்று தீர்ப்பு.

#5 வாடைக்காற்று

> ரயில் கப்பலுக்குத் தீனி போட்டது

மேற்கு ரயில்களுக்கு இது பொருந்தும், சரி. ஆனால் 1852-க்குப் பிறகு கிழக்கேயும் ரயில் இருந்ததே? சிகாகோவில் இறக்கி, எலிவேட்டரில் ஏற்றி, கப்பலில் போட்டு, பஃபலோவில் மறுபடி இறக்கி, கால்வாய்ப் படகில் ஏற்றி... இத்தனைக்குப் பதில் அதே பெட்டியை நேரே நியூயார்க்குக்கு ஓட்டிவிடலாமே. தூரமும் குறைவு.

#6 கரிவண்டி

தூரம் குறைவுதான். சிகாகோவிலிருந்து பஃபலோவுக்கு நீர்வழியில் மிச்சிகன் ஏரியில் வடக்கே ஏறி, நீரிணையைச் சுற்றி, ஹூரானில் இறங்கி, ஈரியைக் கடக்க வேண்டும். சுமார் 900 மைல். ரயிலில் 500 சொச்சம். ஆனாலும் கப்பல் மலிவு. காற்றுக்குக் காசு இல்லை. பாதை பராமரிப்பு இல்லை. ஏழெட்டு மாலுமிகள் 540 மெட்ரிக் டன் கொண்டுபோனார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், ரயில் கட்டணத்தை நிர்ணயித்ததே ஏரிதான். ஏப்ரல் வாக்கில் பனிக்கட்டி உடைந்து கப்பல் ஓடத் தொடங்கினால் கிழக்கு ரயில்கள் கட்டணத்தை இறக்கும். டிசம்பரில் ஏரி மூடியதும் ஏற்றும். ஆண்டுதோறும் இதே. அதனால் வியாபாரி என்ன செய்தான்? குளிர்காலத்தில் அதிக கூலி கொடுத்து அனுப்பாமல் எலிவேட்டரில் குவித்தான். மார்ச் முடிவில் குதிர்கள் வாய்வரை நிற்கும். ஆற்றில் கட்டிக்கிடக்கும் கப்பல்களிலும் தானியத்தை ஏற்றி அவற்றையே கிடங்காக வைத்திருப்பார்கள். பனி விலகிய அன்றே பாய் விரியும்.

எல்லாச் சரக்கும் இப்படி அல்ல. மாவும் இறைச்சியும் ரயிலுக்குப் போயின, சீக்கிரம் போக வேண்டியவை என்பதால். பொறுமையாகப் போகக்கூடிய கோதுமையும் மக்காச்சோளமும் ஏரிக்கு. சிகாகோ வியாபாரியின் பலம், இரண்டும் கையில் இருந்தது. ரயில்காரன் மிரட்டினால் கப்பல்காரனைக் காட்டலாம். நவம்பரில் புயலைக் காரணம் சொல்லிக் கப்பல்காரன் ஏற்றினால் ரயிலைக் காட்டலாம். ஒரு வழி மட்டும் உள்ள ஊருக்கு இந்தப் பேரம் கிடையாது.

#7 பாய்மரம்

கப்பலைப் பற்றிக் கொஞ்சம். 20,000 புஷல் என்ற அளவு எங்கிருந்து வந்தது? நயாகராவைச் சுற்றிப்போகும் வெல்லண்ட் கால்வாயில், கப்பலை உள்ளே அடைத்து நீர்மட்டத்தோடு ஏற்றி இறக்கும் மதகுகளிலிருந்து. 1840-களில் திருத்திக் கட்டிய மதகு 150 அடி நீளம், 26½ அடி அகலம், 9 அடி ஆழம். அதில் நுழைய வேண்டுமானால் கப்பல் 140 அடிக்குள், 26 அடி அகலத்துக்குள். அதனால் ஏரிக் கப்பல்கள் பெட்டி மாதிரி இருந்தன: செங்குத்துப் பக்கம், மொண்ணை மூக்கு, தட்டை அடி. தட்டை அடி பாய்க்காற்றில் பக்கவாட்டில் வழுக்குமே? அதற்கு நடுவில் ஒரு பலகை. ஆழத்தில் கீழே இறக்கிக்கொள்வார்கள், துறைமுகத்தில் தூக்கிக்கொள்வார்கள்.

மூட்டை இல்லாத தானியம் கப்பலில் தண்ணீர் மாதிரி. சாய்ந்தால் அதுவும் ஒரு பக்கம் ஓடும், பிறகு நிமிராது. அறையை நீளவாக்கில் பலகை அடித்துத் தடுக்க வேண்டும், மூலைமுடுக்கு வரை கரண்டியால் பரப்பி மட்டம் பார்க்க வேண்டும். குழாய்க்கு நேர்கீழே குவியலாக விட்டுவிட்டுப் பாய் விரித்தவன் நவம்பர் அலையில் மாட்டினால் கதை முடிந்தது.

திரும்பும்போது நிலக்கரி, உப்பு, கடைச் சரக்கு.

#8 குதிர்

திரும்பு சரக்கு என்றதும் மரம் நினைவுக்கு வருகிறது. கப்பல் எண்ணிக்கையில் பெரும்பங்கு கோதுமை அல்ல, மரம்தான். மிச்சிகன், விஸ்கான்சின் காடுகளின் வெள்ளைப் பைன், மஸ்கீகன், மனிஸ்டீ, மெனோமினீ ஆற்று முகங்களில் அறுக்கப்பட்டு ஏரி வழியே வந்தது. 1870-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 100 கோடி பலகை அடிக்கு மேல். (ஒரு பலகை அடி: 12 அங்குல நீளம், 12 அகலம், 1 கனம்.)

யாருக்கு இவ்வளவு? மேற்கே மரமில்லாப் புல்வெளியில் குடியேறியவர்களுக்கு. அவர்களுக்கு வீடும் வேலியும் வேண்டும், மரம் இல்லை. கோதுமை கொண்டுவந்த ரயில்பெட்டிகளோ மேற்கே காலியாகத் திரும்பின. காலிப் பெட்டிக்கு எந்தக் கட்டணம் கிடைத்தாலும் லாபம். அதனால் மரத்துக்கு மலிவு விலை. தானியம் கிழக்கே, மரம் மேற்கே, இரண்டும் ஆற்றங்கரையில் கைமாறின. தெற்குக் கிளை ஆற்றின் கரையைச் சீப்புப் பற்கள் போல வெட்டி நீர்ச் சந்துகள் அமைத்தார்கள். சந்தின் ஒரு பக்கம் கப்பல், மறுபக்கம் ரயில், நடுவே பலகை அடுக்கு. 1871 தீயில் இந்த மர முற்றங்களில் பெரும்பாலானவை தப்பின. ஊர் அவ்வளவு சீக்கிரம் எழுந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

#9 ஏட்டுக்கணக்கு

துறைமுகம் என்கிறோமே, அங்கே இயற்கைத் துறைமுகமே கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சிகாகோ ஆற்றின் முகத்துவாரத்தை மணல் திட்டு அடைத்திருந்தது. ஆறு ஏரியைத் தொடாமல் தெற்கே வளைந்து, கரையை ஒட்டி ஓடி, மேடிசன் தெரு அருகே மெலிந்து கலந்தது. பெரிய கப்பல் வெளியே நங்கூரமிட்டுச் சிறு படகில் சரக்கை இறக்கும்.

1833-ல் அமெரிக்க நாடாளுமன்றம் 25,000 டாலர் ஒதுக்கியது. மரத் தொட்டிகளைச் செய்து, உள்ளே கல்லை நிரப்பி, நீரில் அமிழ்த்தி, ஏரிக்குள் நீளும் 500 அடித் தளங்களைக் கட்டினார்கள், திட்டை வெட்டினார்கள். 1834 பிப்ரவரி வெள்ளம் வெட்டிய வாயை இன்னும் தோண்டிக் கொடுத்தது. ஜூலையில் ‘இல்லினாய்’ என்ற ஸ்கூனர் (பாய்மரக் கப்பல்) ஆற்றுக்குள் நுழைந்தது.

ஆனால் அந்தக் கரையில் மணல் வடக்கிலிருந்து தெற்கே நகர்கிறது. வடக்குத் தளம் குறுக்கே நின்றதும் மணல் அதன் மேற்பக்கம் சேர்ந்தது. நிரம்பியதும் முனையைச் சுற்றி வந்து மறுபடி திட்டு போட்டது. தளத்தை நீட்டினார்கள். மறுபடி திட்டு. மறுபடி நீட்டினார்கள். இதன் மறுபக்கம் மோசம்: தெற்கே மணல் வரத்து நின்றதால் கரை அரித்தது. மிச்சிகன் அவென்யூ வரை அலை வந்தது. சென்னைத் துறைமுகம் கட்டியபின் மெரினா அகன்று, ராயபுரம் பக்கம் கடல் தின்றதே, அதே கணக்குதான், திசை மட்டும் தலைகீழ்.

நகராட்சியிடம் அலைதடுப்பு கட்டப் பணம் இல்லை. இல்லினாய் சென்ட்ரல் ரயிலுக்கு நகருக்குள் வழி வேண்டியிருந்தது. 1852-ல் பேரம் படிந்தது: ஏரிக்குள்ளேயே 300 அடி அகலத்துக்கு வழி எடுத்துக்கொள், பதிலுக்கு அலைதடுப்பை நீ கட்டு. அப்படித்தான் தண்ணீரில் மரத்தூண் நட்டு, அதன்மேல் ரயில் ஓடியது. கரைக்கும் பாதைக்கும் நடுவே குளம்போல் நின்ற நீரில் 1871 தீயின் இடிபாடுகளைக் கொட்டினார்கள்; இன்றைய கிராண்ட் பூங்காவின் அடியில் இருப்பதில் ஒரு பகுதி அதுதான்.

#10 வாடைக்காற்று

அந்த இல்லினாய் சென்ட்ரல்தானே பிறகு ஏரியையே கேட்டது?

#11 ஏட்டுக்கணக்கு

ஆமாம். 1869-ல் மாநிலச் சட்டமன்றம் ஏரிப் படுகையில் 1,000 ஏக்கருக்கு மேல் அந்தக் கம்பெனிக்குத் தாரைவார்த்தது. 1873-ல் அதுவே ரத்து செய்தது. கம்பெனி வழக்காடியது. 1892-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், படகோட்டும் நீரின் அடிநிலத்தை அரசு மக்கள் சார்பில் பொறுப்பாக வைத்திருக்கிறது, இப்படி மொத்தமாகக் கைகழுவ முடியாது என்றது. நம் உச்ச நீதிமன்றம் பியாஸ் ஆற்றங்கரை விடுதி விவகாரத்தில் (கமல்நாத் வழக்கு, 1996 டிசம்பர்) இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டித்தான் அதே கோட்பாட்டை இந்தியச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது.

#12 பாய்மரம்

செயின்ட் லூயிஸை யாரும் தொடவில்லையே. 1850-ல் அது சிகாகோவைவிடப் பெரிய ஊர். மிசிசிப்பி கையில் இருந்தது.

கையில் இருந்ததுதான் வினை. ஆறு தெற்கே போகிறது. சந்தை கிழக்கே இருக்கிறது. நீர்மட்டம் ஏறி இறங்குவதால் சரிவுக் கரையில் நீராவிப் படகை ஒட்டி மூட்டை சுமக்கும் பழக்கமே நீடித்தது, எலிவேட்டர் பிந்திதான் வந்தது. நியூ ஆர்லியன்ஸ் வெப்பத்தில் தானியம் கெடும். 1856-ல் ராக் ஐலண்டில் மிசிசிப்பியின் குறுக்கே முதல் ரயில் பாலம் திறந்தது. இரண்டு வாரத்தில் ‘எஃபி ஆஃப்டன்’ என்ற படகு அதில் மோதி எரிந்தது. படகுக்காரர்கள் வழக்குப் போட, ரயில் தரப்பில் வாதாடியவர்களில் ஆபிரகாம் லிங்கன் ஒருவர். நடுவர்கள் ஒருமுடிவுக்கு வரவில்லை, பாலம் நின்றது. அயோவா தானியம் ஆற்றோடு இறங்காமல் ஆற்றைக் கடந்து சிகாகோவுக்குப் போனது. பிறகு உள்நாட்டுப் போர் ஆற்றின் கீழ்ப்பகுதியை மூடியது. செயின்ட் லூயிஸில் ஆற்றுக்குப் பாலம் வந்தது 1874-ல்.

#13 வாடைக்காற்று

அப்படியானால் 1848 கால்வாய்? ரயில் அதையாவது கொன்றதா?

#14 கரிவண்டி

பாதி. 96 மைல், மேல் அகலம் 60 அடி, ஆழம் 6 அடி. பணத் தட்டுப்பாட்டில் ஆழமாக வெட்டும் திட்டத்தைக் கைவிட்டு, உச்சிப் பகுதிக்கு பிரிட்ஜ்போர்ட்டில் பம்பு வைத்துத் தண்ணீர் ஏற்றினார்கள். பக்கத்திலேயே ராக் ஐலண்ட் ரயில் 1853 வாக்கில் ஓடியதும் பயணிகள் படகு செத்தது. மணிக்கு ஐந்தாறு மைல் போகும் படகில் யார் உட்காருவார்? ஆனால் கல், மரம், மக்காச்சோளம் தொடர்ந்து போயின. சரக்கு உச்சம் தொட்டது 1882-ல்தான்.

#15 குதிர்

இந்தக் கூட்டணி எங்கே அறுந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். இரண்டும் ஒரே குறுகிய ஆற்றில் முட்டிக்கொண்டன. சுழல் பாலம் என்றால் நடு ஆற்றில் ஒரு தூண். பாதி வழி அதற்கே போய்விடும். ஒவ்வொரு கப்பலுக்கும் பாலம் திறக்க, இருபுறமும் வண்டிகள் நிற்கும். 1869-லும் 1871-லும் ஆற்றுக்கு அடியில் சுரங்கச் சாலை போட்டார்கள். 1900-ல் ஆற்றைத் தலைகீழாகத் திருப்பிக் கழிவுநீர்க் கால்வாயில் விட்டதும் நீர்மட்டம் இறங்கியது. சுரங்கங்களின் கூரை கப்பலின் அடியில் உரச ஆரம்பித்தது. பிறகு சுரங்கங்களை இன்னும் ஆழத்துக்கு இறக்க வேண்டியதாயிற்று. நடுத்தூண் இல்லாமல் மேலே தூக்கும் பாலங்கள் 1890-களில்தான் வரத் தொடங்கின.

அதற்குள் கப்பல் வளர்ந்துவிட்டது. 1882-ல் கிளீவ்லாந்தில் கட்டிய ‘ஒனோகோ’ இரும்புக் கப்பல் 300 அடி. இது சிகாகோ ஆற்றில் திரும்பவே திண்டாடும். தெற்கே 10 மைலுக்கு மேல் தள்ளி இருந்த கால்யூமெட் ஆற்றில் 1870 முதல் மத்திய அரசு துறைமுக வேலை செய்துகொண்டிருந்தது. இடம் தாராளம், நிலம் மலிவு. எஃகு ஆலைகள் அங்கே போயின. இரும்புத் தாதும் அங்கேயே இறங்கியது. 1882-ல் வந்த பெல்ட் ரயில்வே, ஊருக்குள் நுழையாமலே ஒரு கம்பெனியின் பெட்டியை இன்னொன்றுக்கு மாற்றிக்கொடுத்தது.

ரயில்களுக்கு இடையிலும் முட்டல் இருந்தது. 1853-ல் ஊருக்குத் தெற்கே இரு போட்டிக் கம்பெனிகளின் பாதைகள் ஒரே மட்டத்தில் குறுக்கிட்ட இடத்தில் மோதி 18 பேர் இறந்தனர். அதன்பின் எல்லா வண்டியும் அங்கே நின்று போக வேண்டும் என்றானது. நிற்கும் இடத்தைச் சுற்றி ஊர் முளைத்தது. அதன் பெயரே கிராண்ட் கிராஸிங். பாதைகளை மேல்-கீழாகப் பிரித்தது 1912-ல்.

#16 பாய்மரம்

முதல் பதிவில் உள்ள 1871 ஒப்பீட்டுக்கு ஒரு எச்சரிக்கை. அது கப்பல் வருகைகளின் எண்ணிக்கை; டன் கணக்கு அல்ல. மஸ்கீகனிலிருந்து மரம் ஏற்றி வரும் ஒரே ஸ்கூனர் ஒரு பருவத்தில் பலமுறை வரும், ஒவ்வொரு முறையும் ஒன்று என்று எண்ணுவார்கள். நியூயார்க்கில் ஒதுங்கியதோ அட்லாண்டிக் கடந்த பெரிய கப்பல்கள். டன்னில் போட்டால் சிகாகோ இவ்வளவு துள்ளாது.

#17 வாடைக்காற்று

ஏற்றுக்கொள்கிறேன், முதல் பதிவில் ‘வருகைகளின் எண்ணிக்கை’ என்று திருத்திவிடுகிறேன். பாய்மரம், அந்த 9 அடி மதகைப் பிறகு பெரிதாக்கினார்களா?

#18 பாய்மரம்

1887-ல். 270 அடி நீளம், 45 அகலம், 14 ஆழம். ஒனோகோவுக்கு அதுவும் போதாது.